பெயரும் பெயர் சொன்னவரும்: சூழல் அறிவுத் தொகுப்பு நூல்களின் வரலாற்றில் ஒரு சிக்கல்

2002ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் வளங்குன்றா வளர்ச்சிக்கான உலக உச்சிமாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டையொட்டி, யுனெஸ்கோவின் ஆதரவுடன் உருவான 'உயிராதரவு அமைப்புகளின் கலைக்களஞ்சியம்' வெளியிடப்பெற்றது. நீர், நிலம், ஆற்றல், உணவு, உயிரினவளம் என மாந்த வாழ்வைத் தாங்கும் அனைத்தையும் பற்றிய அறிவை உலக வல்லுநர்களைக் கொண்டு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் திரட்டுவது அதன் நோக்கம். அதே ஆண்டின் இறுதியில் இந்திய நாடாளுமன்றம் உயிரியல் பன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்கீழ் 2004இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் மக்களைக் கலந்து 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' ஒன்றைத் தொகுக்க வேண்டும் எனப் பணித்தன. ஒன்று உலகுக்காக வல்லுநர் எழுதுவது. மற்றொன்று ஊருக்காக ஊரார் சொல்வது. ஆயினும் இரண்டும் பார்வை நூல்களே. இவ்விரு வகை நூல்களுக்கும் பின்னால் முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழ்ப் பெயர்கள் எவ்வாறு இடம்பெற்றன, அப்பெயர்களைச் சொன்னவர்கள் என்ன ஆயினர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பெயர்கள் பெரும்பாலும் தங்கிவிட்டன. சொன்னவர்கள் மெல்ல மெல்ல நூலைவிட்டு வெளியேற்றப்பட்டனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இது வெறும் நன்றியறிதல் பற்றிய செய்தியன்று. 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பின் இது பொருளியல் உரிமை பற்றிய வினாவாகவும் ஆகியுள்ளது.

நிகண்டும் ஆசிரியனும்

பார்வை நூல் என்னும் வகை தமிழுக்குப் புதிதன்று. முதல் நிகண்டாகக் கருதப்பெறும் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று அதன் முதல் ஐந்து தொகுதிகளின் வரிசையே ஓர் உலகப் பகுப்பு. அதற்கும் முன்பே தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தது. தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்துள் அடங்குவதைக் கண்டு வியந்து, இதனை இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்போடு ஒப்பிட்டு மகிழ்வது நம் கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. ஒப்பீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், நிகண்டு எவ்வாறு பயன்பட்டது என்னும் வினாவே இங்கு முதன்மையானது.

திண்ணைப் பள்ளியில் மாணவன் நிகண்டை மனப்பாடம் செய்தான். ஒரு மரத்துக்குரிய ஐந்தாறு பெயர்களை நூற்பா தந்தது. அம்மரம் எது, எங்கு வளரும், எதற்காகும் என்பதை ஆசிரியனும் ஊரும் தந்தனர். நூல் பெயரைக் காத்தது. வாய்மொழி பொருளைக் காத்தது. 'பதார்த்த குண சிந்தாமணி' போன்ற நூல்கள் ஆற்றுநீர், குளத்துநீர், கிணற்றுநீர் என நீரின் குணங்களைக்கூட வகுத்துச் சொன்னபோதும், மருத்துவன் ஒருவனிடம் பயின்றவனுக்கே அவை முழுமையாகப் பயன்பட்டன. நூலும் சொல்பவனும் சேர்ந்தே அறிவு என்னும் ஏற்பாடு இது. அச்சேறிய பார்வை நூல் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது.

இட்டி அச்சுதன் முதல் ஜார்ஜ் வாட் வரை

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தென்னிந்தியச் செடியினங்களைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான பேரளவிலான முதல் தொகுப்பு இதுவே. இந்நூலில் நமக்கு வேண்டிய செய்தி அதன் முதல் தொகுதியின் முன்பகுதியிலேயே இருக்கிறது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், தம் குடும்ப ஏட்டில் உள்ளபடியும் தம் பட்டறிவின்படியும் செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னதாக 1675இல் எழுதித் தந்த சான்றுரை அங்கே அச்சிடப்பட்டுள்ளது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி அந்தணர்களின் சான்றுரையும் உண்டு. வான் ரீட் இதைச் செய்தது பெருந்தன்மையால் மட்டும் என்று கருத வேண்டியதில்லை. தம் நூல் நம்பத்தக்கது என ஐரோப்பியர்க்கு மெய்ப்பிக்க அவருக்குச் சாட்சிகள் தேவைப்பட்டனர். எக்காரணத்தாலாயினும், சொன்னவரின் பெயர் நூலில் நின்றது.

அடுத்த நூற்றாண்டில் லின்னேயசும் அவர்காலத்தவரும் இந்நூலை எடுத்துப் பயன்படுத்தியபோது செடிகள் புதிய பெயர்த்திட்டத்துக்குள் சென்றன. முருங்கை 'மொரிங்கா' ஆயிற்று. புங்கம் 'பொங்கேமியா' ஆயிற்று. பிற்காலத்தில் வெட்டிவேரும் 'வெட்டிவேரியா' ஆயிற்று. தமிழ், மலையாளச் சொற்கள் உலக அறிவியலில் நிலைபெற்றதற்குச் சான்றாக இவற்றை நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறோம். பெருமை ஒருபுறம் இருக்க, அச்சொற்களுடன் சென்றிருக்க வேண்டிய சான்றுரை அவற்றோடு செல்லவில்லை.

இம்மாற்றம் முழுமை பெற்றதைக் காண ஜார்ஜ் வாட்டின் 'இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி'யைப் புரட்டினால் போதும். 1883-84இல் கல்கத்தாவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்காகத் திரட்டிய பட்டியல்களிலிருந்து வளர்ந்து, 1889-93 காலத்தில் நிறைவுற்ற பெருந்தொகுப்பு இது. ஒவ்வொரு செடியின்கீழும் வட்டார மொழிப் பெயர்கள் வரிசையாகத் தரப்படுகின்றன. தமிழுக்கெனத் தனிச் சுருக்கக் குறி உண்டு. உணவு, மருந்து, சாயம், நார், மரம் எனப் பயன்களும் விரிவாக உள்ளன. மருந்துப் பயனைப் பற்றிப் பலரிடம் கேட்டுப் பெற்ற தனிக்கருத்துகளும் பல பதிவுகளின்கீழ் பெயரோடும் ஊரோடும் தரப்பட்டுள்ளன. ஆனால் கையொப்பமிட்டோர் பெரும்பாலும் அரசு மருத்துவ அலுவலர்கள். சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களின் சர்ஜன்களும் அவர்தம் உதவியாளர்களும். அவர்களுக்கு அச்செய்தியைச் சொன்ன நாட்டு மருத்துவர் 'இந்நாட்டு மக்கள்' என்னும் பொதுச்சொல்லுள் கரைந்துபோகிறார். இட்டி அச்சுதன் அமர்ந்திருந்த இருக்கையில் சர்ஜன் மேஜர் அமர்ந்துவிட்டார் எனலாம்.

வாட்டின் அகராதியைத் திருத்தி விரிவாக்கும் முயற்சியாகவே அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் 'இந்திய வளம்' தொகுதிகள் தோன்றின. 1948இல் தொடங்கி, மூலப்பொருள் வரிசை மட்டும் பதினொரு தொகுதிகளாக 1976இல் முடிந்தது. விடுதலை பெற்ற நாட்டின் தன்னம்பிக்கை அதில் தெரிகிறது. வேதிப் பகுப்பாய்வு கூடியது. பெயர்ப்பட்டியலில் தமிழ் தன் இடத்தில் அப்படியே இருந்தது. சொன்னவர் திரும்பி வரவில்லை.

ஒரு பழத்தின் கதை

இவ்வாறு பெயரும் சொன்னவரும் பிரிந்ததால் விளைந்தது என்ன என்பதற்கு அகத்தியர் மலைப்பகுதியிலிருந்து ஒரு சான்று உண்டு. 'டிரைக்கோபஸ் சைலானிக்கஸ்' என்னும் சிறுசெடியைத் தாவரவியலார் 1788ஆம் ஆண்டு முதலே அறிவர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது தாவரப் பட்டியல்களில் வடிவ விளக்கத்தோடு இருந்தது. 1987இல் அகத்தியர் மலைக்குச் சென்ற அறிவியலார் குழு, தங்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டது. முதலில் சொல்ல மறுத்த அவர்கள், பின்னர் அச்செடியைக் காட்டினர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பட்டியலில் இருந்த செடிதான். பட்டியலில் இல்லாதது 'களைத்தவன் தின்பது' என்னும் ஒரு தொடர். அத்தொடரை அறிந்தவர்கள் மலையில் இருந்தனர். அவர்களிடம் கேட்க வேண்டும் என்னும் தேவையைப் பார்வை நூல்கள் யாருக்கும் உணர்த்தவில்லை.

அச்செய்தியிலிருந்து திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகை 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு பங்கு. இவற்றில் பாதி காணிக்காரர்க்கு என முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. பயன் பகிர்வு பற்றிய உலக விவாதங்களில் இது முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. ஆனால் காணிக்காரருள் மருத்துவ மரபினரான பிலாத்திகள் சிலர் இதனை எதிர்த்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் கருத்தில், அந்த அறிவு எவரும் எவர்க்கும் சொல்லிவிடக்கூடிய பொதுச்செய்தியன்று. யார் சொல்வது, யார் சொல்லக்கூடாது என்பது அச்சமுதாயத்துள் ஒரு முறைமை. 'காணிக்காரர் கூறுவர்' என்று எழுதிவிட்டுக் கடந்து செல்லும் பார்வை நூலில் இம்முறைமைக்கு இடமே கிடையாது.

தமிழ்த் தொகுப்புகள்

பிறமொழியார் தொகுப்புகளையே குறை கூறிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை வெளிவந்தது, நம் துறையின் பெருமை. அதில் எத்தனையோ சொற்களுக்கு நெல்வகை, மீன்வகை, மரவகை என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நாஞ்சில்நாடு எனச் சில சொற்களுக்கு வழங்கிடம் சுட்டப்பட்டது. வேறு பலவற்றுக்கு 'வட்டார வழக்கு' என்ற பொதுக்குறியே கிடைத்தது. சொற்பொருளகராதிக்கு அது போதும் என்று வாதிடலாம். ஆனால் காவிரிப் படுகை உழவரைக் கேட்டால், காட்டுயானம் ஆளுயரம் வளர்ந்து வெள்ளத்தில் நிற்கும் என்பார். குழிவெடிச்சான் உவர்நிலத்தைத் தாங்கும் என்பார். பூங்காரை மகப்பேற்றுக் காலப் பெண்களுக்கு உகந்தது என்பார். உவர் ஏறிவரும் கடற்கரை வட்டங்களில் இந்த வாக்கியங்களின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. 'நெல்வகை' என்பது பிழையான விளக்கம் அன்று, பயனற்ற விளக்கம். பின்னாளில் இவ்வகைகளைத் தேடித் திரட்டி, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா வழியே மீண்டும் வயலுக்குக் கொண்டுசென்றவர் நெல் ஜெயராமன். அகராதி செய்யாததை ஓர் உழவர் இயக்கம் செய்தது.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954இல் முதல் தொகுதியையும், 1968இல் இணைப்புத் தொகுதியான பத்தாவதையும் கண்டது. சூழல் என்பது உலகப் பொதுக்கவலையாக எழுந்த ஸ்டாக்ஹோம் மாநாடு 1972இல்தான் நடந்தது. ஆதலால் சூழலியல் நோக்கை அதில் தேடுவது காலமுரண். தமிழால் அறிவியலைச் சொல்ல முடியும் என மெய்ப்பிப்பதே அன்றைய சிக்கல்; அதனை அது வென்றது. கன்னடத்தில் இதே காலத்தை ஒட்டி ஒரு சுவையான இணை உண்டு. புதின ஆசிரியர் சிவராம காரந்த் 'பால பிரபஞ்ச', 'விஞ்ஞான பிரபஞ்ச' என்னும் கலைக்களஞ்சியங்களைத் தனியொருவராகவே எழுதினார். அவரோடு அது நிற்கவில்லை. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1982இல் இந்தியச் சூழலின் நிலை பற்றிய முதல் குடிமக்கள் அறிக்கையை வெளியிட்டபின், அவ்வறிக்கையைக் கன்னடத்திற்குக் கொண்டுவந்தவரும் அவரே; 1989இல் கைகா அணுமின் நிலையத்தை எதிர்த்து மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றவரும் அவரே. களஞ்சியம் எழுதியவர் களத்துக்கும் வந்தார்.

நம்மிடையே அப்பணியை வேறு வகையில் செய்தவர் கி. ராஜநாராயணன். 1982இல் வெளியான அவரது வட்டார வழக்குச் சொல்லகராதியில் கரிசல் நிலத்தின் மண்ணும் மழையும் பயிரும் பேசுவோரின் குரலோடு வருகின்றன. அகராதியியல் நெறிப்படி அதில் குறைகள் உண்டு என்று சொன்னவர்கள் உண்டு. அக்குறைகளுள் பல, சொன்னவரை வெளியேற்ற மறுத்ததால் வந்தவை என்பது என் எண்ணம்.

பெங்களூரிலிருந்து ஒரு முயற்சி

சொன்னவரைத் திரும்ப நூலுக்குள் அழைத்துவரும் திட்டமிட்ட முயற்சி பெங்களூரில் உருப்பெற்றது. இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1983இல் தோன்றிய சூழலியல் அறிவியல் மையத்தில் மாதவ் காட்கில் குழுவினரும், 1993இல் தொடங்கிய உள்ளூர் மருத்துவ மரபுகள் மீட்பு அறக்கட்டளையும் 1990களின் நடுவில் இப்பதிவேட்டு முறையை வகுத்தனர். 1992 ரியோ மாநாட்டில் கையொப்பமிடப்பட்ட உயிரியல் பன்மை உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, உள்ளூர்ச் சமுதாயங்களின் அறிவை மதித்துக் காக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதனை எப்படிச் செய்வது என்பதற்கு இது ஒரு விடை. பல மாநிலங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் கல்லூரி ஆசிரியரும் மாணவரும் ஊராருமாகச் சேர்ந்து பதிவேடுகளை உருவாக்கினர். நிலக்காட்சி, உயிரினங்கள், மக்கள் என மூன்றும் பதிவாயின. மக்கள் தம் ஊர் இனி எவ்வாறு இருக்க வேண்டும் என விரும்புகின்றனர் என்பதும் பதிவாயிற்று. விருப்பத்தைக் கேட்டெழுதும் பார்வை நூல் வேறெதுவும் நான் அறிந்தவரையில் இல்லை. பின்னர் தேசிய உயிரியல் பன்மை ஆணையம் வெளியிட்ட படிவங்களில், உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர், பயன் என்னும் பத்திகளோடு அறிவுடையவர் பெயருக்கும் ஒரு பத்தி இடம்பெற்றது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இட்டி அச்சுதனுக்கு ஒரு கட்டம் கிடைத்தது.

கட்டம் கிடைத்ததே தவிர, அதை நிரப்பக் காலம் கிடைக்கவில்லை. பதிவேடுகள் தேங்கிக் கிடந்ததைக் கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 சனவரி 31க்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும் என்றும், தவறினால் ஒவ்வொரு மாநிலமும் மாதம் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் 2019இல் ஆணையிட்டது. சில ஆயிரமாக இருந்த பதிவேடுகளின் எண்ணிக்கை இன்று இரண்டரை இலட்சத்தைத் தாண்டியுள்ளது. நோக்கம் நல்லது. எனினும், ஓர் ஊரின் நான்கு பருவங்களையும் கண்டு எழுத வேண்டியதைத் தண்டத்துக்கு அஞ்சிச் சில வாரங்களில் எழுதினால், பக்கத்து ஊர்ப் பட்டியல் இவ்வூர்ப் பட்டியலாவது இயல்பு.

நகரங்களின் நிலை இன்னும் கடினம். பெங்களூரில் திகளர் என்னும் தோட்டப்பயிர்ச் சமுதாயத்தினர் உள்ளனர்; தமிழ் வேர் கொண்ட பேச்சும் கன்னடமும் கலந்து வழங்குவோர்; கரக விழாவை நடத்துவோர். கீரையும் காயும் பூவும் விளைவித்து நகருக்குத் தந்த இவர்களின் தோட்டங்கள் ஏரிகளை ஒட்டியவை. அவற்றுள் ஒன்றான சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். ஏரி போனபின் அதன் மண்ணையும் நீர்மட்டத்தையும் பற்றிய அவர்களின் சொற்கள் எப்பதிவேட்டில் சேரும்? அச்சொற்கள் தமிழா கன்னடமா என்று வழக்காடுவதைவிட, அவற்றைச் சொல்வோர் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நம் இரு துறைகளுக்கும் ஏற்ற பணி.

எழுதப்பட்ட அறிவும் சட்டமும்

இதற்கு எதிர்த்திசையில் சென்ற தொகுப்பு ஒன்றும் உண்டு. மஞ்சளுக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டபின், இத்தகைய வழக்குகளுக்குச் சான்று தேடி அலையாமலிருக்க 2001இல் மரபறிவு மின்னூலகத் திட்டம் தொடங்கியது. வடமொழி, அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் அதன் மூலங்கள். அவற்றிலுள்ள மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், சப்பானியம் என ஐந்து மொழிகளில் பெயர்க்கப்பட்டு, உடன்படிக்கை செய்த காப்புரிமை அலுவலகங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. தவறான காப்புரிமைகளைத் தடுப்பதில் அதன் பயன் மறுக்க இயலாதது. ஆயின் வாட்டின் அகராதியில் பெயர் நின்று செய்தியின் உரியவர் மறைந்தார். இங்கே செய்தி நின்று மொழியே மறைந்தது. 2022இல் மத்திய அமைச்சரவை இத்தளத்தைப் பிறருக்கும் விரித்துத் திறக்க ஒப்புதல் அளித்தது.

உயிரியல் பன்மைச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 'தொகுக்கப்பட்ட மரபறிவு' என்னும் ஒரு வகையை அது வரையறுக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்களிலிருந்து பெறப்படும் அறிவே அது. அவ்வறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்குப் பயன் பகிர்வு உள்ளிட்ட கடப்பாடுகளிலிருந்து விலக்கு உண்டு. சுருங்கச் சொன்னால், ஒரு செய்தி நூலில் இருந்தால் அது எல்லார்க்கும் உரியது. காணிக்காரர் வாயில் இருந்தால் அவர்க்குப் பங்கு உண்டு. நூலுக்கும் வாய்மொழிக்கும் இடையே கோடு கிழிக்கும் பணியைச் சட்டம் இவ்வாறு ஓர் அட்டவணையிடம் ஒப்படைத்துள்ளது.

அவ்வட்டவணையின் சித்த மருத்துவப் பகுதியில் அகத்தியர் பரிபூரணம் 400, போகர் 700, புலிப்பாணி 500, தேரையர் யமகம் முதலியன இடம்பெறுகின்றன. இவை செய்யுள் நூல்கள். பரிபாடையில், மறைபொருளாக எழுதப்பட்டவை. ஒரே மூலிகைப் பெயர் இடத்திற்கேற்ப வெவ்வேறு பொருள் தரும். குருவின் உரையின்றிப் பொருள் கொள்ளல் ஆகாது என அம்மரபினரே வலியுறுத்துவர். ஏடுகளுக்கிடையே பாட வேறுபாடும் பாடல் எண்ணிக்கை வேறுபாடும் மிகுதி. பாபநாசம் மலையடிவாரத்தில் பரம்பரை வைத்தியர் ஒருவர் ஒரு பாடலுக்குத் தம் தந்தை சொன்ன பொருளைச் சொல்கிறார் என்று கொள்வோம். அது தொகுக்கப்பட்ட மரபறிவா, அவருடைய அறிவா? பாடல் நூலில் உள்ளது. பொருள் அவரிடம் உள்ளது. இவ்வினாவை வழக்கறிஞர் மட்டும் தீர்க்க முடியாது. ஏட்டைப் படிக்கவும், பாடத்தை ஒப்பிடவும், உரை எங்கிருந்து வந்தது எனக் காட்டவும் பயின்றவர்கள் தமிழ்த்துறைகளில் உள்ளனர். அட்டவணையோ நூற்பெயரை மட்டும் சொல்கிறது. எந்த ஏடு, யார் பதிப்பு, எவர் உரை என்று அது குறிக்கவில்லை.